அத்தை தலையில் பேன் விட்டது

பேனைப் பற்றி எழுதப் போகிறேன். படிக்கிறவர்கள் பாதியிலேயே தலையைச் சொறிய ஆரம்பித்துவிடுவார்கள் என்று தெரியும். தாராளமாகச் சொறிந்துகொள்ளலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். திருப்பதியில் ஒரு ஜூனியர் காலேஜில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள் நான். பேன் என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்ததும் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை கைகள் தலைக்குப் போவதை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

அந்தப் பாடத்தில் பூச்சிகள் சூட்டை எப்படி அறிகின்றன என்று ஒரு சிறு பகுதி வரும். பரீட்சைக்கு அதிலிருந்து கேள்வி வராது. ஆனாலும் விட மனசு வராமல் எடுப்பேன். நம் உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் வீசிக்கொண்டே இருக்கிறது. அகச்சிவப்புக் கதிர் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அடுப்புத் தணலுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் தொடாமலே சுடுகிறதே, அதுதான் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். கொசு ஒன்றரை முழம் தள்ளியிருந்தே அந்தச் சூட்டைத் தன் மீசை போன்ற உணர்கொம்பின் நுனியால் கண்டுபிடிக்கும். மூட்டைப்பூச்சிக்கு இரண்டு விரற்கடை தூரம்தான் எட்டும். படுக்கையிலேயே குடியிருக்கிற அதற்கு அது போதும். வெளிதேசத்துக் காடுகளில் ஒரு கறுப்பு வண்டு உண்டு. காட்டில் தீப்பிடித்தால் எல்லா உயிர்களும் ஓட, அது மட்டும் தீயைத் தேடிக்கொண்டு பறந்து வரும், எரிந்த மரத்தில் முட்டை வைக்க. தீயின் கதிரை அறிய அதற்கு மார்பில், காலோரத்தில், குழிகளே இருக்கின்றன.

பேனுக்கு இவ்வளவு கெட்டிக்காரத்தனம் கிடையாது. தூரத்துச் சமாசாரம் எதுவும் அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் தான் நிற்கிற தலையின் சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அதன் குட்டி மீசைக்கு உடனே தெரிந்துவிடும். தெரிந்தால் அங்கே நிற்காது, மூட்டை கட்டிவிடும். இதை நான் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. ஒன்பது வயதில், எங்கள் அத்தையின் தலையில் படித்தேன்.

அத்தை என்றால் நாங்கள் நைனா என்று கூப்பிடுகிற அப்பாவின் தங்கை. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அத்தையைச் சத்தியவேடு பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் கையில் ஒரு கட்டைப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள், திரும்பிப் போகவில்லை. அவளுடைய இடது காது மடல் கீழே வரை கிழிந்து ஆறியிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். கம்மல் மாட்டிக்கொண்டு இழுத்துவிட்டது என்றாள். எதில் மாட்டியது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நைனாவும் கேட்கவில்லை. தங்கச்சி இங்கேயே இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆகாது. அண்ணியும் நாத்தனாரும் ஒரே அடுப்பில் சமைத்தால் எப்படி ஆகும்? உப்பு கூடினாலும் சண்டை, குறைந்தாலும் சண்டை. குழாயடிக்கு முதலில் யார் போவது என்று சண்டை. வாயைத் திறந்தால் சண்டை வருகிறது என்று இரண்டு பேரும் பேசாமல் இருப்பார்கள், அப்புறம் ஏன் பேசவில்லை என்று சண்டை போடுவார்கள். அத்தையின் தலையில் பேன் அதிகம். அதனால் அம்மா தன் சீப்பைப் பரண்மேல் ஒளித்து வைத்திருந்தாள். அத்தைக்கு முழங்கால் வரை வரும் கூந்தல், அடர்த்தியும் அப்படி. அதற்குள் போன பேனைப் பிடிக்க ஒரு ஆள் போதாது. நான் அத்தையோடு ஒரே பாயில் படுத்தவள். ஆகவே அவள் பேன் என் பேன் என்ற பேதமெல்லாம் எங்களுக்குள் இல்லை.

மாம்பழ சீசனில் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. அந்த நேரம் பார்த்து நைனா ஊரில் இல்லை. தோத்தாபுரி மாங்காயை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு சித்தூர் பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போயிருந்தார். போனவுடன் இறக்கிவிட்டு வர அது என்ன மாமியார் வீடா? ஃபேக்டரி கேட்டிலிருந்து புத்தலப்பட்டு ரோடு வரைக்கும் டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். வரிசையைவிட்டு வெளியே வந்தால் மறுபடியும் கடைசியில் போய் நிற்க வேண்டும், அதற்குள் காய் அழுகிவிடும். அங்கேயே டிராக்டருக்கு அடியில் படுத்து, அங்கேயே துன்று, அங்கேயே காத்திருப்பார்கள். அவருக்குச் செய்தி சொல்ல வேண்டுமென்றால், அந்தப் பக்கம் போகிற இன்னொரு டிராக்டர்காரரிடம்தான் சொல்லி அனுப்ப வேண்டும். அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஊரில் ஊசி போடுகிற ஆர்.எம்.பி. ஒருவர் இருந்தார். அவர் தினமும் காலையில் வந்து ஒரு ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, குறையவில்லை என்றால் திருப்பதி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். குறையவில்லை. அம்மா போகலாம் என்றாள். அத்தை மாட்டேன் என்றாள். அண்ணன் வரட்டும், அண்ணனோடு போகிறேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காய்ச்சலோடு கிடக்கிறவளிடம்கூட அம்மாவால் ஜெயிக்க முடியவில்லை.

அத்தைக்குக் காய்ச்சல் ஏற ஏற எனக்குத் தலை அரிப்பு ஏறியது. முதலில் இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் ஒரு காலையில் அத்தையின் தலையணையைப் பார்த்தேன். நைனாவின் பழைய வேட்டியில் தைத்த வெள்ளை உறை. அதன்மேல் பேன்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை, கும்பல் கும்பலாக இறங்கி, தலையணையைக் கடந்து, நான் படுக்கிற பக்கமாக நடந்துகொண்டிருந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாள் சீப்பாலும் சீயக்காயாலும் வேப்பெண்ணெயாலும் ஆகாத காரியம் தானாக நடக்கிறதே என்று வாசலுக்கு ஓடி, அத்தை தலையில் இருக்கிற பேன் எல்லாம் போகிறது என்று சத்தமாகச் சொன்னேன்.

எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். தலையணையைப் பார்த்தாள். அத்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அம்மாவைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போய்த் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"ஏம்மா, பேன் எறங்கிட்ச்சி பாத்தியா? பேன் எறங்கினா உசுரும் எறங்கப் போவுதுன்னு அர்த்தம். எங்க மாமியாருக்கு இப்பிடித்தான் எறங்கிச்சி, மறுநாளு பொழுது சாயறதுக்குள்ள போய்ட்டாங்க."

பெரியம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"கட்டிக்குடுத்த பொண்ணு பொறந்த வூட்டுல கண்ண மூடக்கூடாதும்மா. அண்ணன் வூட்டுக்கு ஆவாது. உனுக்கு ஒரே பொண்ணு கீது, அதையும் நெனச்சிப் பாரு. புருசன் வூட்டுல போயி மஞ்சா குங்குமத்தோட போய்ச் சேரட்டும். நான் சத்தியவேட்டுல எங்க பொண்ணுக்குப் போன் பண்ணி சொல்லச் சொல்றேன். அவுங்க வந்து இட்டுகினு போவட்டும்."

அம்மா "அவுரு வரட்டும் அக்கா" என்று மட்டும் சொன்னாள். பெரியம்மா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பெட்டிக்கடையில் இருந்த, காசு போட்டுப் பேசுகிற காயின் போனை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுக்கு ஆகாதது எதுவும் நடந்துவிடக் கூடாது என்று மெய்யாகவே பயந்தாள். அவள் சொன்னதும் முழுப் பொய் இல்லை. சாகப் போகிறவர்கள் தலையிலிருந்து பேன் இறங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். காய்ச்சலில் தலை கொதித்தாலும் பேன் நிற்காது, உடம்பு சில்லிட்டாலும் நிற்காது. இறங்கியதைப் பார்த்தவர்கள், ஏன் இறங்கியது என்று பேனிடம் கேட்கவா முடியும்?

அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். பேன் போய்விட்டால் அத்தை போய்விடுவாள். கொஞ்ச நேரம் முன்னால் சந்தோஷமாகக் கத்தினேனே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆனால் அழுதுகொண்டிருக்கிற சுபாவம் எனக்கு அப்போதே கிடையாது. பேன் போவதால்தான் ஆபத்து என்றால், பேனைத் திரும்பக் கொண்டுபோய் விட்டால் ஆயிற்று. பேனுக்கா பஞ்சம்? அத்தை தலையிலிருந்து கிளம்பியதெல்லாம் என் தலையில்தானே இருக்கிறது.

பேன் சீப்பை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வாரினேன். விழுந்ததையெல்லாம் ஒரு காலித் தீப்பெட்டியில் சேர்த்தேன். வழக்கமாக நகத்தில் வைத்துக் குத்துவேன். அன்று ஒன்றுக்கும் அடிபடக் கூடாது என்று துணியை மடக்கி மடக்கி, பூப்போல உள்ளே தட்டினேன். கறுத்துப் பெருத்த ஒரு பேன் இருந்தது. அதை எடுக்கும்போது இது ஒன்றே போதும், அத்தை எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை கண்ணை மூடிக் கிடந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து வகிட்டைப் பிரித்து, தீப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

"இன்னா பண்ற பாப்பா?"

"பேன் வுடறேன் அத்தை."

"பேனா? எதுக்கு?"

"பேன் எறங்கிட்டா நீ செத்துப் பூடுவியாம். பெரியம்மா சொல்லிச்சி. அதுக்குள்ள ஒங்க வூட்டுக்காரங்க வந்து ஒன்ன இட்டுகினு போவணுமாம். போன் பண்ணப் போயிகீது."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் ஓரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கக்கூட அவளுக்குக் கை தூக்க முடியவில்லை, நான்தான் துடைத்தேன்.

"பாப்பா, நான் எங்க வோணும்னாலும் சாவுறேன். அந்த வூட்டுல வோணாம்" என்றாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். அப்புறம், "மேலால வுடாத. நல்லா உள்ள தள்ளி வுடு. பொடனிகிட்ட வுடு" என்றாள்.

அத்தைக்கும் என் வைத்தியத்தில் நம்பிக்கை வந்துவிட்டது என்று எனக்குத் தெம்பாக இருந்தது. பொடனி என்றால் பிடரி. அங்கே விட்டேன், காதோரம் விட்டேன், உச்சியில் விட்டேன். விட்டுவிட்டுப் பார்த்தால், ஒன்றும் நிற்கவில்லை. விட்ட கையோடு கிளம்பி, முடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தலையணைக்கு வந்துவிட்டன. மறுபடி பொறுக்கி மறுபடி விட்டேன். மறுபடி இறங்கின. எனக்கு வந்த கோபத்தில் இரண்டை நகத்தில் வைத்துக் குத்திவிட்டேன். அப்புறம் ஐயோ, அத்தையின் உயிரில் கொஞ்சம் போயிற்றே என்று பதறினேன்.

இப்படிப் போராடிக்கொண்டிருக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். அத்தையின் நெற்றியில் அம்மா ஈரத் துணி போட்டிருந்தாள். அந்தத் துணியின் விளிம்பில், நெற்றி மயிர் தொடங்குகிற இடத்தில், என்னுடைய பெரிய பேன் மட்டும் இறங்காமல் நின்றுகொண்டிருந்தது. விரலால் தள்ளினேன். உச்சிப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டு, திரும்பி அதே இடத்துக்கு வந்து நின்றது.

அடுப்பங்கரைக்குப் போனேன். ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன் ஒரு ஓரத்தில் கொதிக்கிற வடிகஞ்சி ஊற்றிய டம்ளரை வைத்தேன். மறு ஓரத்தில் பானைத் தண்ணீர் ஊற்றிய சொம்பை வைத்தேன். நடுவில் ஒரு பேனை விட்டேன். அது சுடுகஞ்சிப் பக்கம் போய், பாதியிலேயே மீசையை ஆட்டிவிட்டுத் திரும்பியது. சொம்புப் பக்கம் போய், அதுவும் பிடிக்காமல் திரும்பியது. அங்கும் இங்கும் அலைந்தது. நான் என் சுண்டு விரலைக் கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தேன். யோசிக்கவே இல்லை, நேராக நடந்து வந்து விரலில் ஏறிக்கொண்டது.

ஆக, பேனுக்குச் சுட்டாலும் ஆகாது, குளிர்ந்தாலும் ஆகாது. உடம்பு நன்றாக இருக்கிற ஆள் வேண்டும். பிற்காலத்தில் லேபில் எத்தனையோ சோதனை செய்திருக்கிறேன், செய்ய வைத்துமிருக்கிறேன். எதிலும் விடை இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

அப்புறம் எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. அத்தையின் தலை சுடுகிறது, அதனால் பேன் நிற்கவில்லை. தலையைச் சுடாமல் பண்ணிவிட்டால் நிற்கும். ஒரு பெரிய துண்டைப் பானைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, அவள் தலை முழுக்கச் சுற்றினேன். அது சூடானதும் எடுத்து மறுபடி நனைத்தேன். கழுத்தில் ஒரு துணி, கக்கத்தில் ஒரு துணி. அத்தைக்குக் குளிரில் பல் கிட்டியது, ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மத்தியானம் பூராவும் நனைப்பதும் பிழிவதுமாக இருந்தேன். சோறு துன்ன வரச் சொல்லி அம்மா கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால், அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். என் கையில் தீப்பெட்டி திறந்திருந்தது. வெடுக்கென்று பாவாடைக்கு அடியில் ஒளித்தேன். பேனுக்குப் பயந்து தன் சீப்பைப் பரண்மேல் ஒளித்து வைக்கிறவள், நான் வாரி வாரி அத்தை தலையில் விடுவதைப் பார்த்தால் முதுகில் ஒன்று விழும் என்று காத்திருந்தேன்.

"தண்ணி தீந்துட்சின்னா குண்டான்ல மொண்டு வெச்சிகிறேன், எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா போனாள். நல்லவேளை, பார்க்கவில்லை என்று மூச்சு விட்டேன். அன்றைக்கு முழுக்க அவள் என்னை ஒரு வேலையும் ஏவவில்லை. அந்தி சாயும்போது அத்தையின் சூடு கொஞ்சம் தணிந்தது. பொடனியில் விட்ட பேன்கள் இறங்காமல் அங்கேயே இருந்தன.

மறுநாள் காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அத்தையின் புருஷனுக்கு அண்ணன் இறங்கினார். புருஷன் வரவில்லை. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் ஒரு புதுப் புடவை சுற்றிய பொட்டலம். அது எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. ஊரிலிருந்து வருகிறவர்கள் ஏதாவது வாங்கி வருவது வழக்கம்தானே என்று நினைத்தேன். அம்மா நாற்காலி எடுத்துப் போட்டாள். எதிர்வீட்டுப் பெரியம்மா கூப்பிடாமலே வந்து நின்றாள்.

"சேதி வந்துச்சி தங்கச்சி. அதான் வண்டியோட வந்துகிறேன்" என்றார் அவர். மரியாதையாகத்தான் பேசினார். "எதுவா இருந்தாலும் எங்க வூட்டு மருமவ. ஆவ வேண்டியது எங்க வூட்டுலதான் ஆவணும். நாளிக்கி எங்க எதிருல ஊரு நின்னு, பொண்டாட்டிய வெச்சிப் பாக்காதவனுங்கன்னு பேசக்கூடாது பாரு."

"நீங்க சொல்றது நாயம்தான் அண்ணா" என்றாள் அம்மா. "ஆனா அவுளுக்குப் பேன் எறங்கலியே."

பெரியம்மா வாயில் கை வைத்தாள். "இன்னாம்மா இப்பிடிச் சொல்ற? நேத்து நான் என் கண்ணால பாத்தனே."

"அது பாப்பா தலைலேந்து வுழுந்தது அக்கா. ரெண்டும் ஒண்ணா படுக்குதுங்க. வந்து நீங்களே பாருங்க."

அம்மா இவ்வளவு அமைதியாகப் பேசி நான் கேட்டதில்லை. எல்லோரும் உள்ளே வந்தார்கள். நான் அத்தையின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அத்தை கண்ணை மூடியிருந்தாள், ஆனால் போர்வைக்கு அடியில் என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில் எனக்கு விரல் வலித்தது. காய்ச்சல்காரிக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியமாக இருந்தது.

அம்மா தானே குனிந்து அத்தையின் தலையில் சுற்றியிருந்த ஈரத் துண்டை அவிழ்த்தாள். பெரியம்மா உட்கார்ந்து, பொடனியில் முடியைப் பிரித்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். பிரித்த இடத்திலேயே இரண்டு ஓடின. இன்னும் மேலே பிரித்தாள். என் பெரிய பேன், வகிட்டின் நடுவே, தன் சொந்த நிலத்தில் நடக்கிற மிராசுதார் மாதிரி நடந்துகொண்டிருந்தது.

"கீதே" என்றாள் பெரியம்மா. அவள் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, குழப்பமும் இருந்தது. "நல்லாத்தான் கீது. நெறயவே கீது."

அத்தை புருஷனின் அண்ணன் கிட்டே வரவில்லை. எட்ட நின்று பார்த்தார். அப்புறம் தன் தலையை ஒரு தடவை சொறிந்துகொண்டார். பிழைக்கப் போகிற ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தியம் பார்க்க அவர் வரவில்லை. அப்படிப் பார்க்க வேண்டியிருந்தால் செலவு, ஆள், ஆஸ்பத்திரி எல்லாம் அவர் தலையில் விழும்.

"அப்ப சரி. ஒடம்பு தேறட்டும். அவ அண்ணன் வந்து ஆஸ்பத்திரில காட்டட்டும்" என்றார். வாசற்படியில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "எறங்கிச்சின்னா சொல்லி அனுப்பு தங்கச்சி" என்றார். புடவைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே நைனா வந்துவிட்டார். செய்தி கிடைத்ததும் டிராக்டரை வரிசையிலேயே இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, கிடைத்த லாரியில் ஏறி வந்திருந்தார். அத்தையைத் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். டைபாய்டு, இன்னும் தாமதித்திருந்தால் குடல் ஓட்டையாகியிருக்கும் என்று டாக்டர் ஏசினாராம். அத்தை பிழைத்து வந்தாள். அந்த முழங்கால் கூந்தல் கொத்துக் கொத்தாகக் கொட்டிப்போயிற்று. பிறகு வளர்ந்தது அதில் பாதிகூட இல்லை. சத்தியவேட்டிலிருந்து அப்புறம் ஆட்டோ வரவில்லை. அத்தை இன்றும் எங்கள் ஊர் வீட்டில்தான் இருக்கிறாள், உப்பு விஷயத்தில் அம்மாவோடு இன்னமும் சமாதானம் ஆகவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் என் மனசில் நிற்பது நைனா வந்ததும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. அந்த ஆட்டோ போன பிறகு நடந்தது.

ஆட்டோ சத்தம் எங்கள் தெருவைத் தாண்டியது. குளக்கரை வளைவில் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் மெயின் ரோட்டில் கலந்து இல்லாமல் போயிற்று. அதுவரை அத்தை அசையவில்லை. சத்தம் நின்றதும் கண்ணைத் திறந்தாள். என் கையை விட்டாள்.

"அண்ணி, கொஞ்சம் கஞ்சி குடுக்கிறியா?" என்று கேட்டாள். காய்ச்சல் வந்த நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆகாரம் அதுதான்.

அம்மா சொம்பில் கஞ்சி கொண்டுவந்தாள். உப்புப் போட்டாயா என்று அத்தை கேட்கவில்லை, சரியாக இருக்கிறதா என்று அம்மாவும் கேட்கவில்லை. அம்மா கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அத்தையின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஈரமும் பேனுமாக இருந்த அந்தத் தலையை. கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சியை வாயில் விட்டாள். இரண்டு வாய் போனதும் கரண்டி குறி தவறியது. கஞ்சி அத்தையின் தாடையில் வழிந்தது. நிமிர்ந்து பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். அத்தையும் அழுதுகொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு இவர்கள் எதற்கு அழுகிறார்கள்? தேற்ற வேண்டும் என்று தோன்றியது.

"அழுவாதம்மா. அதான் பேன் கீதே" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டார்கள். அழுதுகொண்டே சிரித்தார்கள். அத்தைக்குச் சிரிக்கச் சிரிக்க இருமல் வந்தது. அம்மா அவள் நெஞ்சை நீவிவிட்டபடி, சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வைத்தியம் பலித்துவிட்ட சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். பேன் நின்றால் உயிர் நிற்கும் என்று அந்த வீட்டில் நம்பிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான் என்பது எனக்கு அன்று தெரியாது.